மூன்றாவது கொட்டேஷன் என்னுடையது

அன்று மாலை ஐந்து மணிக்கு பாய்லர் ஹவுஸில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். ரிடையர் ஆகப்போகும் பாய்லர் இன்ஜினியர் ராவ் சார். ஸ்டோர் கீப்பர் கரீம் பாய். பாய்லருக்குத் தீ போடும் ஃபயர்மேன் மாதையன், அதாவது நான். நீராவிக் குழாய்க்கு மேல் சாக்கில் சுருண்டு கிடந்த பூனை. ஐந்தாவது ஆள்தான் பூனையையும் சேர்த்து வருகைப் பதிவு எழுதியவர். அந்தத் தாள் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. பூனைக்கு நேரே 'நேரில் ஹாஜர், கையெழுத்து இல்லை' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார்.

அந்த ஐந்தாவது ஆளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் வந்தது. ஓசூரில் எங்கள் அட்டை மில் முழுவதற்கும் அவர் மூணு கொட்டேஷன். மூன்று கொட்டேஷன் வாங்காமல் அவர் மூச்சு விட்டதாகக்கூட யாரும் பார்த்ததில்லை. மூக்கில் இரண்டு துவாரம் மட்டுமே இருப்பதில் சாருக்கு உள்ளூர வருத்தம் என்று கரீம் பாய் சொல்வார்.

மில் வேலை தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கம்பெனிக்கு ஒரு ஆணி வாங்குவதானாலும் மூன்று கடைகளில் விலையை எழுதி வாங்க வேண்டும். மூன்றையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாகப் போட வேண்டும். அந்தத் தாளுக்கு கம்பேரட்டிவ் என்று பெயர். எல்லோரிலும் குறைத்துச் சொன்னவர் எல்-ஒன். ஆர்டர் அவருக்குத்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நம் ஆள் ஏதோ அவசரத்தில் ஒரே கடையில் கேட்டு ஒரு பம்புக்கு பேரிங் வாங்கிவிட்டார். ஆடிட்டில் பிடித்துக்கொண்டார்கள். ஆறு மாதம் சம்பளத்தில் பிடித்தம். அன்றோடு ஒற்றைப்படையில் ஒன்று என்ற எண்ணே அவருக்கு ஆகாமல் போனது.

முடி வெட்டக்கூட பஸ் ஸ்டாண்டு பக்கம் மூன்று சலூன்களில் விலை கேட்டு கம்பேரட்டிவ் போட்டார். எல்-ஒன் சலூனுக்கு இவர் போய் நின்ற நாளில் கடைக்காரர் ஊருக்குப் போயிருந்தார். ஆர்டரை மாற்ற விதியில் இடமில்லை என்று ஆறு வாரம் காத்திருந்தார். செக்யூரிட்டி அவரை கேட்டில் நிறுத்தி, "சாமி, அன்னதானம் பின் வாசல்ல" என்று சொன்னது அந்த ஆறாவது வாரத்தில்தான்.

பெண் பார்க்கப் போன இடத்திலும் இதே கதை. பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, பெண்ணின் அப்பாவிடம் பணிவாக, "நீங்க சொன்னதெல்லாம் சரிங்க. இந்தப் பேச்சு எத்தன நாளைக்கு வேலிடு?" என்று கேட்டிருக்கிறார். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நீங்க வாசப்படி தாண்டற வரைக்கும்" என்றாராம். இதை மூணு கொட்டேஷனே எங்களுக்குச் சொன்னார். வேலிடிட்டி ரொம்பக் குறைவு என்பது மட்டும்தான் அவருடைய குறை.

இப்படிப்பட்டவர் பாய்லர் ஆபரேஷன் இன்ஜினியர் பரீட்சை எழுத வேண்டியிருந்தது. எங்கள் பாய்லர் பெரியது. அந்த லைசென்ஸ் உள்ள ஒருவர் பொறுப்பில் இல்லாமல் அதை ஓட்டக்கூடாது என்பது சட்டம். அதை வைத்திருந்தவர் ராவ் சார் ஒருவர்தான். மூணு கொட்டேஷன் மெக்கானிக்கல் டிப்ளமா. அனுபவமும் இருந்தது. இரண்டு முறை ஃபீஸ் கட்டி, இரண்டு முறையும் பரீட்சைக்குப் போகவில்லை. கேட்டால், "படிக்கறது பெரிய விசயமில்லப்பா. எப்பிடிப் படிக்கறதுன்னு முடிவு பண்றதுதான் பெரிய விசயம்" என்பார். வாங்கிய தடிப் புத்தகம் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அலமாரியில் இருந்தது. படிக்கும் முறை முடிவாகும் முன் பிரித்துவிட்டால் கடைக்காரன் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டானாம்.

இதில் எனக்கு என்ன வந்தது என்று நீங்கள் கேட்கலாம். ராவ் சார் மார்ச்சில் ரிடையர். டிசம்பர் பரீட்சையில் மூணு கொட்டேஷன் தேறாவிட்டால் பாய்லர் ஹவுஸை வெளி கான்ட்ராக்டருக்குக் கொடுத்துவிடுவதாக மேனேஜர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். கான்ட்ராக்டர் வந்தால் தன் ஆட்களோடு வருவார். மத்தூரில் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு வந்த ஃபயர்மேனை யார் வைத்துக்கொள்வார்கள்? அதுவும் நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. பஸ்ஸில் ஏறும்போதே இறங்க முடியுமா என்று பயப்படுகிறவன். ஒன்பது வருடமாக அந்த பாய்லர் எந்த நிமிடம் வெடிக்கும் என்று எதிர்பார்த்துக்கொண்டே அதற்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது பாய்லர் வெடிக்காமலே வேலை போய்விடும்போல் இருந்தது.

"சார், இந்த வாட்டியாவது படிங்க சார்" என்றேன்.

"படிக்கத்தான்பா போறேன். என்கொயரி ரெடி பண்ணிட்டேன்" என்றார்.

விலை கேட்டு அனுப்பும் கடிதம்தான் என்கொயரி. பொருள்: பரீட்சைக்குப் படிக்கும் முறை, ஒரு செட். கடைசி நாள், நேரம், சீல் வைத்த உறை, எல்லாம் டைப் அடித்து வைத்திருந்தார்.

முதல் கொட்டேஷன் பெங்களூரில் ஒரு கோச்சிங் சென்டர். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, ஒன்பதாயிரம் ரூபாய். அங்கே போய், வெளி மாநிலத்திலிருந்து வாங்கும் சரக்கு என்பதால் வரிச் சலுகைக்கு சி ஃபாரம் கொடுத்தால் எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டிருக்கிறார். அங்கே மேஜையில் இருந்த பெண்ணுக்குப் புரியவில்லை. ஓசூர் வரும்வரை பஸ்ஸில் இவருக்கு அதே கவலை. "தலைக்குள்ள எடுத்துக்கிட்டு வர்ற சரக்குக்கு அத்திப்பள்ளி செக்போஸ்ட்டுல என்னத்தக் காட்டறது, மாதையா?"

இரண்டாவது, ராயக்கோட்டையில் ஒரு ரிடையர்டு இன்ஜினியர். அவரைப் பார்க்க ஒரு காலையில் என்னையும் மொபெட்டில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனார். சானமாவு காட்டைத் தாண்டும்போது ரோட்டில் யானை. ஒற்றை ஆண் யானை, நடு ரோட்டில், யாருக்கோ காத்திருப்பது போல நின்றது. இவர் மொபெட்டை நிறுத்தி, காலை ஊன்றி, நிதானமாகத் திரும்பினார்.

"மாதையா, மூணு வழி சொல்லு."

"ஒரே வழிதாங்க சார். ஓடறது."

"ஒத்தக் கொட்டேஷன் செல்லாதுப்பா."

"ரெண்டாவது அது குடுக்க வருதுங்க சார்."

யானை உண்மையாகவே இரண்டு அடி வைத்தது. "திரும்பிப் போறது ஒண்ணு. இங்கியே நிக்கறது ரெண்டு. தொரப்பள்ளி பக்கமா சுத்திப் போறது மூணு. சரி, இப்ப செலவு பாக்கணும்" என்று அவர் விரலை மடக்கிக்கொண்டிருந்ததை நான் ஒரு ராகிக் கொல்லையின் நடுவிலிருந்துதான் கேட்டேன். யானை அவரைப் பார்த்தது. அவர் கணக்குப் போட்டார். கடைசியில் யானைதான் பொறுமை இழந்து காட்டுக்குள் போனது.

"பாத்தியா? அவசரப்பட்டு முடிவெடுக்காததால பிரச்சன தானாத் தீந்துச்சு" என்றார், நான் செருப்பைத் தேடி வந்து ஏறிக்கொண்டபோது.

ராயக்கோட்டை இன்ஜினியர் மூவாயிரம் ரூபாய் கேட்டார். பாடம் அவர் தோட்டத்தில்தான். கேட்டுக்கொண்டே தக்காளி தரம் பிரித்துக் கொடுத்தால் வாரம் ஒரு கூடை இலவசம். பச்சைத் தக்காளி தருவாரா பழுத்ததா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டார் நம் ஆள்.

மூன்றாவது வரவேண்டியது சேலத்திலிருந்து. அங்கே பாஸான பழைய வகுப்புத் தோழன் நோட்ஸ் அனுப்புவதாகச் சொல்லியிருந்தான். கடைசி நாள் மாலை நாலரை மணி வரை கூரியர் வரவில்லை.

"சார், ரெண்டுதான் இருக்கு. ரெண்ட வெச்சு ஃபைல் நவுராது. நீங்கதான் எனக்குச் சொல்லிக் குடுத்தது" என்றார் கரீம் பாய்.

மூணு கொட்டேஷன் கோயில் வாசலில் செருப்பைத் தொலைத்தவர் மாதிரி நின்றார். பிறகு மெதுவாக என்னைப் பார்த்தார்.

"மாதையா, உனக்கு எழுதத் தெரியுமில்ல?"

"பேரு எழுதுவனுங்க சார். கொஞ்சம் கூடவும் எழுதுவேன்."

"அது போதும். நீ ஒரு கொட்டேஷன் குடு. சும்மா டம்மிதான். மூணு காட்டணும்ல? எல்லாக் கம்பெனியிலயும் பண்றதுதான்."

"போலீசு வருமுங்களா சார்?"

"படிக்கறதுக்கு வெல சொன்னா எந்தப் போலீசுப்பா வருவான்?"

"வந்தாங்கன்னா?"

கரீம் பாய் பேனாவை என் கையில் திணித்தார். விலை என்ன எழுதுவது என்று தெரியாமல் நிமிர்ந்தேன். எதிரே பேனலில் நீராவியின் சூடு நானூற்றைம்பது என்று காட்டியது. அதையே எழுதினேன். "முறைங்கற எடத்த வெத்தா வுடாதடா, ரிஜெக்ட் ஆவும். மனசுல இருக்கறத எழுது" என்றார் பாய். மனசில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். 'எனக்கு பாய்லர் என்றால் பயம். பயத்தை எல்லாம் கேட்பேன். பயம் போகும்படி சார் சொல்ல வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உறைக்குள் வைத்து ஒட்டினேன்.

ஐந்து மணிக்கு, முதலில் சொன்ன ஐந்து பேர் முன்னிலையில், உறைகள் பிரிக்கப்பட்டன. பெங்களூர் ஒன்பதாயிரம். ராயக்கோட்டை மூவாயிரம். மூன்றாவதைப் படித்த மூணு கொட்டேஷனின் முகத்தில் ரத்தம் மெதுவாக இறங்கியதை நான் பார்த்தேன். பாய்லர் வாட்டர் கேஜில் தண்ணீர் இறங்குவது போலவே இருந்தது.

"எல்-ஒன், மாதையன்" என்றார்.

ராவ் சார் முதலில் சிரித்தார். "ஏனப்பா இது" என்று கன்னடத்தில் ஆரம்பித்தவர் முடிக்க முடியாமல் இருமினார். அவர் கண்ணாடி பூனை மேல் விழுந்தது.

"அது டம்மி சார். ராயக்கோட்டைக்கே குடுத்துட்டு வாங்க, டீ ஆறுது" என்றார் கரீம் பாய்.

"டம்மின்னு எங்க பாய் எழுதியிருக்கு?"

"நீங்கதான சார் அரை மணி முன்னாடி சொன்னது."

"சொன்னது வேற, ஃபைல் வேற. காரணம் எழுதாம எல்-ஒன்னத் தள்ளக்கூடாது."

"எழுதுங்க. எட்டாங்கிளாசோட நின்னவன்னு எழுதுங்க. என்ன மாதையா, நெசந்தான?"

"நெசந்தாங்க பாய்" என்றேன் ஆவலாக.

"என்கொயரியில படிப்பே கேக்கலையே பாய். உறை பிரிச்சப்புறம் புதுசா நிபந்தனை போட்டா ஆடிட்ல கேப்பான்."

"சார், நீங்க வூட்ல படிக்கறத எந்த ஆடிட்டு வந்து பாக்கப் போறான்?"

மூணு கொட்டேஷன் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "வந்தான்னா?"

அந்த ஒரு சொல்லில் எனக்கு ஆளே புரிந்துவிட்டது. அது என்னுடைய சொல். வாழ்க்கை முழுவதும் நான் மட்டுமே சொல்லிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்த சொல். எனக்குப் பயம் வந்தால் ராகிக் கொல்லைக்கு ஓடுவேன். அவருக்குப் பயம் வந்தால் மூன்று கொட்டேஷன் கேட்பார். வித்தியாசம் அவ்வளவுதான்.

மறுநாள் எனக்கு வொர்க் ஆர்டர் வந்தது. இரண்டு பக்கம். தொகை நானூற்றைம்பது. பாஸானதும் தொண்ணூறு சதவீதம். மீதிப் பத்து சதவீதம் ஒரு வருட கேரண்டி முடிந்து, வேலை திருப்தியாக இருந்தால். அதுவரை வேலை போய்விடும் என்று மட்டும் பயந்தவன், அன்றிலிருந்து அதற்கு நானே காரணம் என்று கையெழுத்தோடு பயந்தேன். அதனால் ஒரு பயத்தையும் மிச்சம் வைக்காமல் கேட்டேன்.

"சார், கண்ணாடிக் குழாயில தண்ணி தெரியுது. ஆனா அது பொய்யா இருந்தா?"

"சார், சேஃப்டி வால்வு ஒட்டிக்கிச்சு. தொறக்கவே இல்ல. அப்ப?"

"ஒரு பம்பு ரிப்பேர்ல இருக்கு. ஓடற பம்பு நின்னுடுச்சு. அதே நேரத்துக்கு இன்ஸ்பெக்டரும் வந்துட்டாரு சார்."

"இன்ஸ்பெக்டர் ஏம்ப்பா அப்ப வர்றாரு?"

"வந்தாருன்னா?"

முதல் வாரம் அவர் இங்கிலீஷில் பதில் சொன்னார். "எனக்குப் பயம் போகலீங்க சார்" என்றேன். ஆர்டர்படி பயம் போயாக வேண்டும். தமிழில் சொன்னார். போகவில்லை. தரையில் நிலக்கரித் துண்டால் படம் போட்டுச் சொன்னார். பாதி போனது. ஆனால் அந்தப் பாதிக்குப் பதிலாக இரண்டு புதுப் பயம் வந்தது. பத்தாவது நாள் வேறு வழியில்லாமல் புத்தகத்தின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்தார். கரீம் பாய் அதைக் கேள்விப்பட்டு ஸ்டோரிலிருந்து நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார். நவம்பரில் பாய்லர் ஹவுஸ் தரையில் கால் வைக்க இடமில்லை, அத்தனை படம். கூட்டுகிற அம்மா எந்தப் படம் முடிந்தது என்று கேட்டுக் கேட்டுக் கூட்டினார். "ஏம்ப்பா, ஒனக்குள்ள பயம் தீரவே தீராதா?" என்று ஒரு நாள் பரிதாபமாகக் கேட்டார் மூணு கொட்டேஷன். "எங்கம்மாவும் இதத்தாங்க சார் கேட்டுச்சு" என்றேன்.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. டிசம்பர் முதல் வாரம் ராவ் சார் உட்கார்ந்து, வாய்மொழித் தேர்வு மாதிரியே கேள்வி கேட்டார்.

"கேஜ்ல தண்ணி காணோம். எவ்ளோ நேரமா காணோம்னு தெரியல. என்ன மாட்தியா, என்ன பண்ணுவே?"

"சார், இதுக்கு மூணு வழி இருக்கு. முதல் வழி..."

ராவ் சார் கையைக் காட்டி நிறுத்தினார். "சாகு, போதும். நீ ரெண்டாவது வழி சொல்றப்ப பாய்லர் அத்திப்பள்ளியில இருக்கும். நீ அதுக்கும் அந்தப் பக்கம்." எழுந்து போய்விட்டார்.

மூணு கொட்டேஷன் கருத்த முகத்தோடு தரையில் உட்கார்ந்தார். எனக்கு மார்ச் மாதமும், கான்ட்ராக்டரும், மத்தூருக்குத் திரும்பும் பஸ்ஸும் வரிசையாகக் கண்ணில் வந்தன. அந்தப் பயத்தில் எனக்குக் கோபமே வந்துவிட்டது. சாரிடம் நான் குரல் உயர்த்தியது அது ஒரு தடவைதான்.

"சார், அது யானை இல்லீங்க சார். நீங்க கணக்குப் போடறவரைக்கும் நின்னு பாத்துட்டுக் காட்டுக்குள்ள போவறதுக்கு. தண்ணி காணோம். நான் அங்கதான் நிக்கறேன், நெருப்புக் கதவுக்குப் பக்கத்துல. எனக்கு ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. நான் என்ன பண்ணட்டும்?"

அவர் என்னைப் பார்த்தார். கதவைப் பார்த்தார்.

"நெருப்ப நிறுத்து. தண்ணி வுடாத. நீ வெளிய வா" என்றார்.

மூன்று இருந்தது. ஆனால் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டியது. கம்பேரட்டிவ் போட வேண்டியது இல்லை. எனக்கு ஒன்பது வருடத்தில் முதல் முறையாக அந்த பாய்லர் மேல் இருந்த பயம் ஒரு கைப்பிடி குறைந்தது. "இப்பப் போச்சுங்க சார்" என்றேன். அவர் ஆர்டர் காப்பியை எடுத்து அதில் ஏதோ டிக் போட்டுக்கொண்டார்.

சென்னையில் பரீட்சை எழுதி, வாய்மொழித் தேர்வும் முடித்து வந்தவர் நேராக பாய்லர் ஹவுஸுக்குத்தான் வந்தார்.

"பதினோரு கேள்வி கேட்டாங்க மாதையா. அதுல ஒம்பது உன்னுது. தண்ணி காணோம்னு அவரு ஆரம்பிச்சதுமே, 'இது எங்க மாதையன் முன்னாடியே கேட்டாச்சுங்க சார்'னு வாயில வந்துடுச்சு."

"ஐயோ. அப்புறம்?"

"யார் மாதையன்னு கேட்டாரு."

"என்னன்னு சொன்னீங்க சார்?"

"எல்-ஒன்னுன்னு சொன்னேன்."

ராவ் சார் ரிடையர் ஆக இரண்டு வாரம் இருக்கும்போது ரிசல்ட் தபாலில் வந்தது. உறையைப் பிரிக்காமல் ஐந்து மணி வரை வைத்திருந்தார். அதே ஐந்து பேர், பூனை உட்பட. பிரித்துப் படித்தார். பாஸ். கான்ட்ராக்டர் பேச்சு அன்றோடு அடங்கியது. அடுத்த நாள் நானூற்றைந்து ரூபாயை எண்ணிக் கொடுத்து, ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி என்னிடம் ரசீது வாங்கிக்கொண்டார். ஸ்டாம்பு அவர் செலவு.

எட்டு மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போனார். மூன்று கம்பெனிகளில் வேலை கிடைத்திருந்தது என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அவர் இடத்துக்கு லைசென்ஸோடு வேறொருவர் வந்தார். நான் அதே கதவுக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

கேரண்டி முடிகிற நாளில் ஃபோன் வந்தது. அப்போதெல்லாம் எல்லோரும் மிஸ்டு கால்தான் கொடுப்போம். இவர் முழு கால் போட்டுப் பேசினார்.

"மாதையா, பத்து சதவீதம் பாக்கி இருக்கே. குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு இன்ஸ்பெக்ஷன் பண்ணணும். இப்ப ஒனக்கு என்ன பயம்?"

"பொண்ண கிருஷ்ணகிரி காலேஜுல சேத்தறதா வேணாமான்னு பயமுங்க சார்."

"சேத்து" என்றார். யோசிக்கவே இல்லை.

"வேற வழி ஏதும்..."

"இதுக்கு ஒரே வழிதான்பா. சேத்து." பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆபீஸ் குரலில் சொன்னார். "பயம் முழுசாப் போகல. அதனால கேரண்டி இன்னும் ஒரு வருசம் நீட்டிச்சிருக்கேன். பாக்கி அடுத்த வருசம்."

அதன்பின் ஒரு வருடம்கூடத் தவறியதில்லை. அதே நாளில் ஃபோன் வரும், என்ன பயம் என்று கேட்பார், ஒரே ஒரு பதில் சொல்வார், கேரண்டியை நீட்டிப்பார். பயமே இல்லை என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் கணக்கை முடித்துவிடுவார். அதற்காகவே நாள் நெருங்கும்போது ஒரு நல்ல பயமாகப் பார்த்து எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

எனக்கு வரவேண்டிய பாக்கி, இன்றைய தேதி வரை, நாற்பத்தைந்து ரூபாய்.